புற்றும் தூதும்: ஒரு நோயறிவின் வரலாறும் தமிழ்ச் சொல்வழக்கும்

1. தோற்றுவாய்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டிலாகும். அப்பாதையில் தாம்பரத்தை அடுத்து வடக்கே அமைந்த நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்பது பெயர். மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் காசநோயாளர்க்கென அங்கு நிறுவிய நோயில்லம் 1937இல் அரசினர் கைக்கு வந்தது. ஒருகாலத்தில் கேட்டோர் நெஞ்சை நடுங்கச் செய்த நோயின் இல்லம், இன்று இடப்பெயராகவும் நிலையப்பெயராகவும் அச்சம் நீங்கி வழங்குகின்றது. சானடோரியத்திற்குச் சீட்டு வாங்குவோர் நோயை நினைப்பதில்லை. அதே வண்டியில் வந்து கிண்டியில் இறங்கிப் புற்றுநோய் நிறுவனத்திற்குச் செல்வோரோ தாம் செல்லும் இடத்தின் பெயரை முழுதும் சொல்வதில்லை. 'அடையாற்றுக்கு' என்று கூறி அமைவர். நோயின் பெயரை நா சொல்ல மறுக்கின்றது.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு பிழை. அப்பிழை எம்முடையதே. தாம்பரத்தினின்று எம் வகுப்பிற்கு வரும் முதுகலை மாணவி ஒருவர், புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த தம் அன்னையார் படித்தறியும்பொருட்டு, எக்சோசோம்களைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்றைத் தமிழில் தருமாறு வேண்டினார். யாம் அதனை விரைந்து மொழிபெயர்த்து, எக்சோசோம் என்பதற்குப் 'புற்றின் நச்சுத்துகள்' என எழுதிக் கொடுத்தோம். நச்சுத்துகள் குருதியில் உலவுகின்றது என்னும் தொடரைப் படித்த அன்னையார், நோய் உடல் முழுதும் பரவிவிட்டதென்று தாமே முடிவு செய்து, அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்ல மறுத்துவிட்டார். மாணவி வந்து கூறிய பின்னரே எம் சொல்லின் குற்றம் எமக்குப் புலனாயிற்று.

எக்சோசோம் என்பது யாது, அதனைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது, அவ்வறிவைத் தமிழிற் கூறுங்கால் எச்சொல் தகும், எச்சொல் தகாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவம் எமது துறையன்று. ஆயினும் மருத்துவ உண்மை மக்களிடம் சொல்லின் வழியே சென்று சேர்தலின், சொல்லாராய்ச்சி செய்வோர்க்கும் இதில் பொறுப்பு உண்டென்பது எம் கருத்து.

2. புற்று என்னும் பெயர்

மேலைநாட்டார் இந்நோய்க்கு இட்ட பெயர் நண்டு என்னும் பொருளது. கிரேக்க மொழியில் கார்கினோஸ் என்பதும், இலத்தீனில் கான்சர் என்பதும் நண்டையே குறிக்கும். கட்டியைச் சூழ்ந்து புடைத்த நாளங்கள் நண்டின் கால்களை ஒத்தன என்பர். தமிழில் இந்நோய் புற்று எனப்பட்டது. கறையான் எடுக்கும் மண்கூட்டின் பெயர், உள்ளே புரையோடி வளரும் புண்ணுக்கு ஆகிவந்தது. உறுப்பின் பெயரோடு சேர்த்துக் கன்னப்புற்று முதலியனவாக வழங்குதல் சித்த மருத்துவ வழக்கிற் காணப்படுவது. கட்டி, கழலை, பிளவை என்னும் சொற்கள் இதனோடு அணுக்கமுடையனவாயினும் பொருளால் வேறானவை.

நண்டு தனியுயிர், பற்றும், இடுக்கும். புற்றோ ஓர் உறையுள். வெளியே தோன்றுவது மேடு மட்டுமே. அதனை எழுப்பியவை மண்ணுக்குள் இருக்கும். அவற்றின் வழிகள் நெடுந்தொலைவு செல்லும். மேட்டை இடித்த பின்னரும் வேறோரிடத்தே மண் எழும். இவ்வுவமை இக்கால அறிவியற் கருத்தோடு வியக்கத்தக்கவாறு ஒத்துச் செல்கின்றது. இதனைக் கொண்டு முன்னோர் இக்கால அறிவியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. அவர்கள் கண்டது புண்ணின் வடிவம், உவமித்தது அவ்வடிவத்தையே. பெயர் நன்கு அமைந்ததென்பது வேறு, பெயரிட்டோர் காரணம் அறிந்திருந்தனர் என்பது வேறு. இவ்விரண்டையும் மயக்காதிருத்தல் சொல்வரலாறு எழுதுவோர்க்கு முதற்கடமையாம்.

3. அடையாற்று நிறுவனம்

1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கையார் 1923இல் புற்றுநோயால் உயிர்நீத்தார். அத்துயரமே பின்னர் ஒரு நிறுவனமாக உருவெடுத்தது. புற்றுநோய் கண்டோர் இறத்தல் உறுதியென்றும், அவர்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுவதில்லையென்றும் பலர் கருதிய காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் துணைகொண்டு அம்மையார் பொருள் திரட்டினார். 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18ஆம் நாள் மருத்துவமனை 12 படுக்கைகளோடு பணி தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். அம்மையார் 1968இலும், கிருஷ்ணமூர்த்தி 2010இலும், சாந்தா 2021 சனவரி 19ஆம் நாளும் மறைந்தனர்.

இந்நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லாராய்ச்சியாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. நோயாளர் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே வந்தனர். வறுமையும் தொலைவும் அதற்குக் காரணமாயின. அவற்றோடு பெயரச்சமும் ஒரு காரணமாயிற்று. பெயரைச் சொல்ல அஞ்சுவோர் அறிகுறியையும் மறைப்பர். ஆதலின் முற்படக் கண்டறிதலும் மக்களுக்கு எடுத்துரைத்தலும் மருத்துவத்தோடு ஒப்பவைத்து எண்ணப்பட்டன. சென்னை நகர மக்களிடையே இந்நோயின் அளவைக் கணக்கிடும் பதிவகம் ஒன்று 1980களின் தொடக்கத்தில் இந்நிறுவனத்தில் ஏற்பட்டது. அச்சம் நிலவிய இடத்தே எண்ணிக்கை வந்தது.

முற்றிய நிலையில் வந்தோரைக் காணும் மருத்துவர் எவரையும் வருத்தும் வினா ஒன்றுண்டு. மார்பகத்துத் தோன்றிய கட்டியை முழுதும் அகற்றிய பின்னர், சில ஆண்டு கழித்து நுரையீரலிலோ எலும்பிலோ அது மீண்டும் தோன்றுவதேன்? பிற உறுப்புகளை விடுத்து அவ்வுறுப்புகளையே தேர்ந்ததேன்? எக்சோசோம் ஆராய்ச்சியின் வேர் இவ்வினாவிலேயே உள்ளது.

4. வித்தும் நிலமும்

1889இல் ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பாஜெட் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்டிரின் பிணக்கூற்று ஆய்வுக் குறிப்புகளை ஒப்பிட்டு நோக்கினார். குருதி எல்லா உறுப்புகளுக்கும் செல்கின்றது. எனினும் நோய் சிலவற்றில் மிகுதியாகவும் சிலவற்றில் அரிதாகவும் பரவியிருத்தலை அவர் கண்டார். வித்து எத்திசையிலும் சிதறும். ஏற்ற நிலத்தில் மட்டுமே முளைக்கும் என்பது அவர் தெளிந்த முடிபு. புற்றுயிரணு வித்து, உறுப்பு நிலம்.

இக்கருத்து நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. 1920களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் யூயிங் குருதியோட்டத்தின் போக்கே பரவலை முடிவு செய்யும் என்றார். ஓடும் நீர் எங்குத் தேங்குமோ அங்கு வித்தும் தங்கும் என்பது அவர் கொள்கையின் சாரம். 1970களிலும் அதன் பின்னரும் ஐசாயா ஃபிட்லர் எலிகளிடத்துச் செய்த ஆய்வுகள் பாஜெட்டின் கருத்துக்கு மீண்டும் வலிமை தந்தன. நீரோட்டம், நிலம் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது இன்றைய உடன்பாடு.

2005இல் டேவிட் லைடன் குழுவினர் புதியதொன்றைக் கண்டனர். புற்றுயிரணுக்கள் நுரையீரலை அடையுமுன்னரே, எலும்பு மச்சையினின்று வந்த உயிரணுக்கள் அங்குக் குழுமி இடத்தைப் பதப்படுத்தியிருந்தன. வித்து வருமுன் நிலம் உழப்பட்டிருந்தது. அங்ஙனமாயின், உழுமாறு சொல்லியது எது?

5. கழிவெனக் கருதப்பட்ட சிமிழ்

இதற்கான விடை முற்றிலும் வேறொரு துறையில் உருவாகிக்கொண்டிருந்தது. 1967இல் பீட்டர் உல்ஃப் என்பார் குருதித் தட்டணுக்களினின்று உதிரும் நுண்பொருளைக் கண்டு, தட்டணுத் தூசி எனக் குறித்தார். தூசி என்னும் பெயரே அதன் மதிப்பைக் காட்டும். 1983இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரோஸ் ஜான்ஸ்டன் குழுவினரும், அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் குழுவினரும் தனித்தனியே இளஞ்சிவப்பணுக்களை ஆராய்ந்தனர். அவ்வணு முதிருங்கால், தனக்கு இனி வேண்டாத புரதங்களை நுண்சிமிழ்களில் அடைத்து வெளியேற்றுதல் புலப்பட்டது. ஜான்ஸ்டன் குழுவினர் 1987இல் அவற்றை எக்சோசோம் என்று வழங்கினர். எக்சோ என்பது புறம். சோமா என்பது உடல்.

சிமிழ் உருவாகும் முறையை ஈண்டுச் சுருக்கிக் கூறுதும். உயிரணுவுக்குள் ஒரு பை உண்டு. அதன் சவ்வு உள்நோக்கிக் குழிந்து, முளைத்து, அற்று, பையினுள்ளே பல சிறு சிமிழ்களாகின்றது. அப்பை நகர்ந்து உயிரணுவின் புறச்சவ்வோடு ஒன்றியதும் சிமிழ்கள் வெளியே விடப்படுகின்றன. ஒரு சிமிழின் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அச்சிமிழுக்குள் புரதமும், கொழுப்பும், ஆர்.என்.ஏ. முதலிய நியூக்ளிக் அமிலங்களும் உள்ளன.

குப்பைக்கூடை என்ற எண்ணம் 1996இல் மாறத் தொடங்கிற்று. கிராசா ரபோசோவும் அவர்தம் கூட்டாளரும் பி வகை வெள்ளணுக்கள் விடும் சிமிழ்கள் டி வகை வெள்ளணுக்களைத் தூண்டுதலைக் காட்டினர். 2007இல் சுவீடன் நாட்டு ஹாடி வலாடி, யான் லோட்வால் முதலியோர், எலியின் உயிரணு விட்ட சிமிழ்களின் ஆர்.என்.ஏ. மனித உயிரணுவுக்குள் சென்றபின், அங்கே எலிக்குரிய புரதங்கள் உருவாதலைக் கண்டனர். கழிவு, செய்தியாயிற்று. ஒருவர் எறிந்த ஏட்டை மற்றொருவர் எடுத்துப் படிக்கின்றார் என்பது புலப்பட்டது.

6. புற்றின் தூது

இதன்பின் இரு வரலாறுகளும் ஒன்றாயின. 2008இல் யோஹன் ஸ்கோக் முதலியோர் மூளைப் புற்றுயிரணுக்களின் சிமிழ்கள் குருதிநாள உயிரணுக்களுக்குள் நுழைந்து அவற்றை வளரத் தூண்டுதலைக் கண்டனர். நோயாளர் 25 பேரை ஆய்ந்து, அவருள் 7 பேரின் குருதிச் சிமிழ்களில் அப்புற்றுக்கே உரிய மரபுத் திரிபைக் கண்டறிந்தனர். 2012இல் எக்டர் பெய்னாடோ, லைடன் முதலியோர், கொடிய தோற்கரும்புற்றின் எக்சோசோம்களை எலிகளுக்குச் செலுத்தியபோது எலும்பு மச்சையின் உயிரணுக்கள் இயல்பு மாறிப் பரவலுக்குத் துணையாயின என்று காட்டினர். உழுமாறு சொல்லியது எது என்னும் வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது.

2015இல் ஹோஷினோ, லைடன் முதலியோர் பாஜெட்டின் வினாவுக்கே நேர்விடை தேடினர். எக்சோசோமின் மேற்புறத்து இன்டெக்ரின் என்னும் புரதங்கள் உள. அவற்றுள் சில வகை நுரையீரலையும், வேறொரு வகை கல்லீரலையும் நாடிச் சென்று ஒட்டுதலை அவர்கள் கண்டனர். ஓலையின் மேல் எழுதிய முகவரி போன்றது இது. 2018இல் தோற்கரும்புற்றின் எக்சோசோம்கள் காப்பணுக்களைத் தடுக்கும் ஒரு புரதத்தைத் தம்மேல் தாங்கிச் சென்று, கட்டிக்குத் தொலைவிலும் உடலின் காவலைத் தளர்த்துதல் அறியப்பட்டது.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. விடுப்போர், தூது, செய்தி, பெறுவோர் என்னும் நான்கும் தூதிலக்கியத்தின் உறுப்புகள். உமாபதி சிவாசாரியாரின் நெஞ்சுவிடு தூது முதலாக அவ்விலக்கிய வகை நம்மிடத்து வளர்ந்துள்ளது. திருக்குறளின் 69ஆம் அதிகாரமும் தூது என்பதே. தாமே வகுத்துக் கூறுவோர், கூறியதைக் கூறுவோர் எனத் தூதரைப் பகுத்தல் உரையாசிரியர் மரபு. ஓலை கொடுத்து நிற்போர் என்னும் கடைநிலை வகையும் அம்மரபில் அறியப்பட்டதே. எக்சோசோமை இப்பகுப்பில் வைப்போமாயின், அஃது ஓலை கொடுத்து நிற்கும் வகையைச் சாரும். அதற்கு நாவில்லை, சூழலுக்கேற்பச் சொல்லும் மதியில்லை, தான் சுமப்பது யாதென்றும் அஃது அறியாது.

7. உவமையின் எல்லை

தூது என்னும் உவமை விளக்கத்திற்கு உதவும். ஆயின் அதற்கு எல்லையுண்டு. முதலாவது, விடுப்போர்க்கு நோக்கம் உண்டென்னும் எண்ணத்தை அஃது எழுப்பும். புற்றுயிரணு சூழ்ச்சி செய்வதில்லை. சிமிழ் விடுதல் உயிரணுவின் பொதுவியல்பு. அவ்வியல்பு புற்றிடத்துத் தீமையாய் முடிகின்றது. இரண்டாவது, எம் பிழை விளைந்த இடமும் இதுவே, எக்சோசோம் நோயாளர்க்கே உரியதன்று. நலமுடையார் குருதியிலும் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் அவை எண்ணிறந்தன உள்ளன. குருதியில் எக்சோசோம் உண்டு என்பது நோய் பரவிற்று என்பதன்று. மூன்றாவது, மேற்கூறிய முடிபுகளுட் பல எலிகளிடத்தும் ஆய்வுக்கலத்திலும் பெற்றவை. மனித உடலில் அவை எவ்வளவிற்கு நிகழ்கின்றன என்பது இன்னும் ஆராயப்படுகின்றது.

குருதியைச் சோதித்துக் கட்டியை முற்படக் கண்டறியலாம் என்னும் நம்பிக்கை இவ்வாராய்ச்சியிற் பிறந்தது. 2015இல் கணையப் புற்றின் எக்சோசோம்களில் கிளைப்பிகன்-1 என்னும் புரதத்தைக் கண்டு, அதனால் நோயாளரையும் நலமுடையாரையும் தெளிவாகப் பிரித்தறியலாம் என்று ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த ஆய்வுகளுட் சில அத்தெளிவைக் காணவில்லை. நுண்சிமிழ்களைக் குருதியின் பிற பொருள்களினின்று தூய்மையாகப் பிரித்தல் அரிதாதலே இதற்கொரு காரணம். மற்றொரு புறம், எக்சோசோம் பல நோய்க்கும் மருந்தென விளம்பரம் செய்து விற்போரும் தோன்றினர். அமெரிக்க உணவு, மருந்து ஆட்சியகம் தன் ஒப்புதல் பெறாத அத்தகைய பொருள்களைப் பற்றி 2019 டிசம்பரில் மக்களை எச்சரித்தது. நச்சு என்று எழுதுதல் ஒரு பிழையாயின், அமுது என்று எழுதுதல் அதனினும் பெரும்பிழையாம். முன்னது மருத்துவமனைக்குச் செல்லாது தடுக்கும். பின்னது வேறிடத்திற்கு அழைத்துச் செல்லும்.

8. கலைச்சொல் பற்றிய கருத்து

தமிழில் மருத்துவம் எழுதும் முயற்சி புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிசு கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு, 1860களில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றவும் முற்பட்டார். அவர் பணியினின்று நாம் அறியத்தக்கது, பொருளறிந்த பின்னரே சொல் அமைத்தல் வேண்டும் என்பது.

எக்சோசோம் என்னும் பெயர் ஆங்கிலத்திலேயே நிலைபெறவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் வேறொரு புரதத் தொகுதிக்கும் 1997இல் அதே பெயர் இடப்பட்டது. மேலும், உயிரணுக்கள் விடும் சிமிழ்களுட் சில அகப்பையினின்று தோன்றுவன. சில புறச்சவ்வினின்று நேரே முளைப்பன. பிரித்தெடுத்த பின்னர் இன்னது இவ்வழித் தோன்றியதென்று அறிதல் கடினம். ஆதலின் இத்துறையின் பன்னாட்டுக் கழகத்தார், தோற்றம் நிறுவப்படாதவிடத்து எக்சோசோம் என்னாது, உயிரணுவின் புறத்துள்ள சிமிழ் எனப் பொருள்படும் பொதுப்பெயரையே வழங்குமாறு 2018இலும் 2024இலும் வெளியிட்ட வழிகாட்டுரைகளில் அறிவுறுத்தினர்.

இதனைக் கருதி யாம் முன்வைப்பது வருமாறு. பொதுப்பெயராகப் 'புறச்சிமிழ்' என்பதைக் கொள்ளலாம். குங்குமச் சிமிழ் என வழக்கில் உள்ள சொல்லாதலின் சிறியது, மூடியது, உள்ளே பொருளுடையது என்னும் மூன்றும் அதனாற் பெறப்படும். நன்மை தீமை இரண்டையும் அச்சொல் குறிப்பதில்லை. அதுவே அதன் தகுதி. துகள் என்பது உட்பொருளின்மையைக் காட்டும். கழிவு என்பது 1983இன் கருத்தோடு நின்றுவிடும். நச்சு என்பது பொய். அகப்பை வழித் தோன்றிய வகையைக் குறிக்குங்கால் எக்சோசோம் என்பதையே திசைச்சொல்லாக ஏற்கலாம். தூது என்பதை விளக்கவுரையில் உவமையாகக் கொள்ளலாம், பெயராக்குதல் வேண்டா. புற்று என்னும் பழம்பெயரை மாற்றவும் வேண்டா. அச்சம் சொல்லில் இல்லை. நோய் தீராது என்ற எண்ணத்தில் உள்ளது. சானடோரியம் என்னும் பெயர் மாறவில்லை. காசநோய்க்கு மருந்து வந்தது, அச்சம் நீங்கிற்று.

9. முடிபுரை

தட்டணுத் தூசி என்று 1967இல் குறிக்கப்பட்ட பொருள் அரை நூற்றாண்டிற்குள் உயிரணுக்களிடையே செல்லும் ஓலையாக அறியப்பட்டது. பாஜெட் 1889இல் எழுப்பிய வினாவுக்கு அஃது ஒரு பகுதி விடையாகவும் அமைந்தது. இவ்வரலாற்றில் ஒவ்வொரு பெயரும் அவ்வக்கால அறிவின் எல்லையைக் காட்டி நிற்கின்றது. தமிழில் எழுதுவோர் பழைய எல்லையைப் புதிய அறிவின்மேல் ஏற்றிவிடாது காத்தல் வேண்டும்.

எம் மொழிபெயர்ப்பைத் திருத்தி, அத்தொடரைப் பின்வருமாறு அமைத்துக் கொடுத்தோம்: 'எல்லாருடைய குருதியிலும் உயிரணுக்கள் விடும் நுண்ணிய புறச்சிமிழ்கள் உள்ளன. கட்டியின் உயிரணுக்களும் அவற்றை விடுகின்றன. அவற்றைப் படித்து நோயை அறியும் முறையை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.' மாணவி அதனைத் தம் அன்னையார்க்குப் படித்துக் காட்டினார். அடுத்த கிழமை இருவரும் மருத்துவமனைக்குச் சென்றனர் என அறிந்தோம். முதல் மொழிபெயர்ப்பிற்கு யாம் செலவிட்டது ஒரு மாலைப்பொழுது. திருத்திய மூன்று தொடர்களுக்குச் செலவிட்டது ஏறத்தாழ ஒரு திங்கள். அத்திங்களின் ஆராய்ச்சியே இக்கட்டுரையாகும்.